விஞ்ஞானம் என்று அச்சிட்ட சொல்

அந்தப் பதினாறு பக்கக் குறிப்பில் ‘விஞ்ஞானம்’ என்ற சொல் இருபத்து மூன்று இடங்களில் இருந்தது. அதை எண்ணிப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகுதான். எழுதிய நாட்களில் அந்தச் சொல்லைக் கையாள்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பெருமை இருக்கும் இடத்தில் எண்ணிக்கை கண்ணில் படுவதில்லை.

எங்கள் வாசிப்பு வட்டம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும். தொழிற்சங்கங்களில் இருப்பவர்களே அதிகம். பஸ் டெப்போவில் வேலை செய்பவர்கள், அங்கன்வாடிப் பெண்கள், அச்சகத்தில் பிழை திருத்துபவர் ஒருவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். ஒருங்கிணைப்பாளர், ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தத்துவத்தில் முதுகலை முடித்து, ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எடமலைப்பட்டி புதூரில் குடியிருக்கிறேன். படித்தவன் என்பதால் குறிப்புகள் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. அந்தப் பொறுப்பை நான் விரும்பினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் ஓர் அரைநாள் கருத்தரங்கு நடத்துவது என்று முடிவானபோது, பௌத்தமும் பொதுவுடைமையும் மனித மனத்தைப் பற்றி என்ன சொல்கின்றன என்ற தலைப்பை முன்மொழிந்தவன் நான்தான். மனிதனின் மனம் தானாக, தனியாக நிற்கும் பொருள் அன்று. அது நிலைமைகளைச் சார்ந்து எழுகிறது, நிலைமைகள் மாறினால் மாறுகிறது என்று இரண்டுமே சொல்கின்றன. பௌத்தம் அந்த நிலைமைகளை உள்ளே தேடுகிறது: அறியாமை, வேட்கை, பற்று. பொதுவுடைமை வெளியே தேடுகிறது: உழைப்பு, உடைமை, பசி. உள்ளே மட்டும் பார்த்தால் அநீதி அப்படியே இருக்கும். வெளியே மட்டும் பார்த்தால், புதிதாகக் கட்டும் உலகத்துக்குள்ளும் பழைய பற்று குடிபுகுந்துவிடும். கருத்தரங்குக்கான குறிப்பில் இரண்டு விளைவுகளையும் எடைபோட்டு எழுதியிருந்தேன். புத்தரும் சங்கம்தான் வைத்தார் என்று நான் சொன்னபோது ஒருங்கிணைப்பாளர், “வச்சாரு சரி, நிர்வாகிகள் தேர்தல் ஒழுங்கா நடந்துச்சா?” என்று கேட்டார். அவர் சங்கத்தில் அப்போது அதுதான் பிரச்சினை.

கண் உருவத்தைச் சந்திக்கும்போது, காது ஒலியைச் சந்திக்கும்போது எழுகிற அறிதலை, பௌத்தம் விஞ்ஞானம் என்ற பெயரால் குறிக்கிறது. பாலியிலும் வடமொழியிலும் இருக்கும் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் அப்படித்தான் வரும். தமிழ் வாசகருக்கோ விஞ்ஞானம் என்றால் தடுப்பூசி, ராக்கெட், ஆய்வுக்கூடம். இது எனக்குத் தெரியாதது இல்லை. மூலச்சொல்லை மாற்றக் கூடாது என்ற நினைப்பில், அடிக்குறிப்புக்கூட இல்லாமல், பௌத்தப் பகுதி முழுவதும் விஞ்ஞானம், விஞ்ஞானம் என்றே எழுதினேன். பொதுவுடைமைப் பகுதியில் வழக்கம்போல ‘விஞ்ஞான சோஷலிசம்’ என்றும் எழுதினேன். என் தலைக்குள் அவை இரண்டு சொற்கள். தாளில் ஒன்றே.

நூறு பிரதிகள் அச்சிட்டோம். அதில் ஒன்று ஜீயபுரம் பக்கத்து ஊர் ஒன்றில் அங்கன்வாடி உதவியாளராக இருக்கும் ஓர் அக்காவிடம் போய்ச் சேர்ந்தது.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வட்டத்தில் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வருபவர் அவர் ஒருவர்தான். என்னைச் சாதாரணமாகத் ‘தம்பி’ என்பார். கோபம் வந்தால் ‘தோழர்’ என்பார். நான்கு வருடங்களுக்கு முன் அவருடைய சங்கக் கூட்டமொன்றில் பேச எழுந்து, வணக்கம் சொன்னதோடு வாய் அடைத்துப்போய் உட்கார்ந்துவிட்டாராம். பின்வரிசையில் யாரோ வேடிக்கையாகக் கைதட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எத்தனை பேர் கேட்டும் அவர் மைக்கைத் தொடவில்லை. ஸ்ரீரங்கம் கருத்தரங்கில் யார் பேசுவது என்று கேட்டபோது அவராகவே கை தூக்கினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

“இந்தத் தடவை பேசிருவேன். முடியலைன்னா இனிமே யாரும் என்னைக் கேக்காதீங்க, நானும் கை தூக்க மாட்டேன்” என்றார்.

கருத்தரங்கு நடந்த இடம், வடக்கு உத்தர வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வார நாட்களில் தட்டச்சு வகுப்பு நடக்கும் ஒரு மாடி. நான் காலை எட்டரைக்கே ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கி, நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். தட்டச்சு இயந்திரங்களைச் சுவரோரமாக ஒதுக்கித் துணி போர்த்தியிருந்தார்கள். ஒன்பது மணிக்கு அக்கா வந்தார். ஜீயபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பியதாகவும், சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி இங்கே வருவதற்குள் தான் எழுதியதை இரண்டு முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்ததாகவும் சொன்னார். இஸ்திரி போட்ட நீல நிறப் புடவை. பையிலிருந்து நான்கு பெரிய தாள்களை எடுத்தார். கூட்டம் பத்தரைக்கு. அதற்கு முன் ஒருமுறை வாசித்துக்காட்ட வேண்டும், நான் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றார்.

வாசித்தார். முதல் பக்கம் நன்றாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில்தான் சிக்கல் தொடங்கியது.

அறியாமையிலிருந்து செய்கை எழுகிறது, செய்கையிலிருந்து விஞ்ஞானம் எழுகிறது. அறியாமை ஒழிந்தால் செய்கை ஒழியும், செய்கை ஒழிந்தால் விஞ்ஞானம் ஒழியும் என்று என் குறிப்பில் பௌத்தத்தின் காரணச் சங்கிலியைச் சுருக்கி எழுதியிருந்தேன். அக்கா அதை எழுத்துக்கு எழுத்து நம்பிப் படித்திருக்கிறார். புத்தர் விஞ்ஞானத்தின் எதிரி என்ற முடிவுக்கு வந்து, அவரை மறுத்து இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தார். தன் மையத்தில் மாதந்தோறும் பிள்ளைகளை எடை போடுவது, தடுப்பூசிக்கு அழைத்துப்போவது, எடை குறைந்த பிள்ளைக்குத் தனியாக உணவு கொடுப்பது, அதனால் எந்தெந்தப் பிள்ளை தேறியது என்று வரிசையாகச் சான்றுகள். “ஆகவே, நம்முடையது விஞ்ஞான சோஷலிசம் என்பதால், இந்த ஒரு இடத்தில் புத்தரோடு நாம் உடன்பட இயலாது” என்று கட்டுரை முடிந்தது.

தாளை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “புத்தர் மேல எனக்கு மரியாதை இருக்கு தம்பி. ரெண்டு வாரமா யோசிச்சேன். ஆனா இத விட்டுக்குடுக்க முடியாது.”

வாதத்தில் ஓட்டை இல்லை. அது நின்றிருந்த சொல்தான் தவறு. அந்தச் சொல் என்னுடையது.

காபி வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கினேன். காபிக் கடை வாசலில் நின்று யோசித்தேன். கருத்தரங்குக்குத் தலைமை தாங்க, ஸ்ரீரங்கத்திலேயே இருக்கும் ஓய்வுபெற்ற வடமொழிப் பேராசிரியர் ஒருவர் இசைந்திருந்தார். நான் ஒன்றும் சொல்லாவிட்டால், அவர் நாற்பது பேர் முன்னிலையில் இதைத் திருத்துவார். பண்பாகத்தான் திருத்துவார், அந்தப் பண்பே அக்காவை இன்னும் சிறுமைப்படுத்தும். அக்கா பேசும் முன் நானே மேடையேறி, குறிப்பில் பிழை என்று அறிவித்தால், என் நேர்மை காப்பாற்றப்படும். அவருடைய இரண்டரைப் பக்கம் எல்லோர் கண்ணெதிரிலும் சரிந்துவிடும். இப்போதே தனியாகச் சொன்னால், ஒரு மணி நேரத்தில் வேறு எழுத முடியாமல் ஜீயபுரம் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். மூன்று வழியிலும் விலை கொடுப்பவர் அவர். தவறு செய்தவன் எதையும் இழக்காத ஏற்பாடாகவே ஒவ்வொன்றும் அமைந்திருந்தது. அது எனக்கு உறுத்தியது. மூன்றாவது வழியில் மட்டும், என்ன செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையாவது அவரிடம் இருக்கும்.

காபியோடு மேலே போய்ச் சொல்லிவிட்டேன். பௌத்தத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் என்றும், நான் விளக்காமல் விட்டது என் பிழை என்றும், அவர் படித்ததில் குற்றமே இல்லை என்றும் சொன்னேன்.

அவர் காபியை வாங்கிக் கீழே வைத்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது.

“அப்ப அதுக்குச் சரியான வார்த்தை என்ன?”

உணர்வு என்று சொல்லலாம், பழந்தமிழில் பௌத்தத்தைப் பாடியவர்கள் அந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தார்கள் என்றேன்.

“உணர்வா?” அவர் தாளைப் புரட்டினார். “வர்க்க உணர்வுன்னு எங்க சங்க நோட்டீஸ்ல மாசாமாசம் போடுறோமே, அந்த உணர்வா?”

ஆமாம் என்றேன். இரண்டு தத்துவங்களுக்கும் இடையே பாலம் கட்டுவதாக எண்ணிப் பதினாறு பக்கம் எழுதியிருந்தேன். இரண்டு கரையிலும் ஒரே சொல் முன்பே இருந்திருக்கிறது. அதை ஒரு கரையிலிருந்து பிடுங்கிப் போட்டவன் நான்.

“ஏன் தோழர், எம்.ஏ. படிச்சா சின்ன வார்த்தையெல்லாம் வாய்ல வராதா?”

அவர் தோழர் என்றதிலிருந்தே கோபத்தின் அளவு தெரிந்தது. மன்னிக்கச் சொன்னேன். தாள்களை நாற்காலியில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

பத்து மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருங்கிணைப்பாளர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். பேராசிரியர் நெற்றியில் திருமண் துலங்க, கையில் ஒரு சிறிய குறிப்பேட்டோடு வந்து, முதல் வரிசையில் அமர்ந்தார். அக்கா எங்கே என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அக்கா வரவில்லையென்றால் அவருடைய நேரத்தை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்த இருபது நிமிடமும் காலியாகவே கிடக்கட்டும் என்றார். அது சரியான தீர்ப்பு என்று எனக்கும் பட்டது.

பத்து இருபத்தைந்துக்கு அக்கா படியேறி வந்தார். முகம் கழுவியிருந்தார். தலையில் ஒரு முழம் மல்லிகை. அம்மா மண்டபம் வரை நடந்து போய், படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். நாற்காலியில் இருந்த தாள்களை எடுத்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் பெயரை அழைத்ததும் எழுந்து போனார். வணக்கம் சொன்னார். அதன் பிறகு ஒரு நிறுத்தம் வந்தது. நான்கு வருடங்களுக்கு முந்தைய அந்த நிறுத்தம் இதுதானோ என்று பயந்தேன்.

“நாலு பக்கம் எழுதிட்டு வந்தேங்க. புத்தரை எதிர்த்து” என்றார். “காலைல ஒன்பது மணிக்குத்தான் தெரிஞ்சுது, அவர் சொல்லவே சொல்லாத ஒண்ணுக்கு ரெண்டு வாரமா நான் அவரோட சண்டை போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்னு.”

சபை சிரித்தது. அவரும் சிரித்தார். விஞ்ஞானம் என்று அச்சில் இருந்ததைத் தான் எப்படிப் படித்தேன் என்று அவரே விளக்கினார். எழுதியவர் பெயரைச் சொல்லவில்லை. நான் அமர்ந்திருந்த பக்கம் பார்க்கவும் இல்லை. மற்றவர்கள் அனைவரும் பார்த்தார்கள். அச்சகத்தில் பிழை திருத்துபவர் மெல்லக் கையை உயர்த்தி, தானும் அப்படித்தான் படித்ததாகச் சொன்னார். பின்னால் மேலும் இரண்டு கைகள் உயர்ந்தன.

பிறகு அவர் தன் மையத்தைப் பற்றிப் பேசினார். புதிதாகச் சேரும் இரண்டு வயதுப் பிள்ளை காலையில் அழுது அழுது தூங்கிப்போகும். உள்ளே சுண்டலுக்குக் கடுகு வெடித்ததும் கண்ணைத் திறக்கும். மூக்கு முன்பும் இருந்தது. வாசனை வந்தது, அந்த உணர்வு வந்தது. அதற்கு முன் அந்த உணர்வு எங்கே ஒளிந்திருந்தது என்று தேடினால் கிடைக்காது. காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் ஏறாது. காது நன்றாகத்தான் இருக்கும். சாப்பிட்ட பிறகு அதே பாட்டை அதுவாகவே பாடும். பிள்ளைக்குப் புத்தி போதவில்லை என்று ஊரில் சொல்வார்கள், போதாதது சோறு. இதைத்தான் நம் தத்துவம் சொல்கிறது என்றார்.

கடைசியாகத் தட்டுகளைப் பற்றிச் சொன்னார். ஒரு சமயம் மையத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குத் தட்டு போதவில்லை. முதலில் சாப்பிட்ட பிள்ளையின் தட்டைக் கழுவி அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அந்த நாட்களில் பிள்ளைகள் தட்டை மார்போடு அணைத்துப் பிடிக்கக் கற்றுக்கொண்டன. என் தட்டு, என் தட்டு என்று ஒரே சண்டை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு தேவையான தட்டுகள் வந்தன. இரண்டு வாரத்தில் சண்டை நின்றது. தட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

“ஆனா ஒரு பிள்ளை மட்டும் இன்னமும் தட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குது” என்றார். “தட்டு நிறைய இருக்கு. எடுக்கவும் ஆளில்லை. எல்லாருக்கும் தட்டு குடுக்கிறது வரைக்கும் நம்ம சங்கம் பாத்துக்கும். இந்த ஒரு பிள்ளைக்கு என்ன பண்றதுன்னு புத்தரைத்தான் கேக்கணும். அதனால அவரோட சண்டைய நிறுத்திக்கிட்டேன்.”

இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பதினாறு பக்கத்தில், உள்ளே என்றும் வெளியே என்றும் நான் பிரித்து எடைபோட்ட இரண்டும், ஒரு தட்டின் இரண்டு பக்கமாக அங்கே நின்றன.

கேள்வி நேரத்தில் பேராசிரியர் எழுந்தார். சொல்லின் பொருளைப் பற்றித்தான் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன்.

“அடியேனுக்கு ஒரே ஒரு சந்தேகம்” என்றார். “அந்தக் கொழந்தைக்கு நீங்க என்ன பண்றேள்?”

“ஒண்ணும் பண்றதில்லைங்க சார். தட்டைப் பிடுங்கினா இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பக்கத்துல உக்காந்து அரிசி பொறுக்கிக்கிட்டு இருப்பேன். நல்லாத் தூங்கினப்புறம் பிடி தானா தளரும்.”

பேராசிரியர் தலையசைத்து, குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டு அமர்ந்தார். அவருடைய முடிவுரையில் வடமொழிச் சொற்கள் நிறைய இருந்தன. பற்றைக் குறிக்கும் ‘உபாதானம்’ என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்தி, “அதாவது, அந்தத் தட்டு” என்றார். அதற்குப் பிறகு யாரும் பொருள் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்த பின், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்காவிடம் போய், மீண்டும் ஒருமுறை மன்னிப்புக் கேட்டேன்.

“விடுங்க தம்பி” என்றார். ‘தம்பி’ என்ற சொல்லைக் கேட்டதும் காலையிலிருந்து இறுகியிருந்த ஏதோ ஒன்று எனக்குள்ளும் தளர்ந்தது. “நீங்க சொல்லாம இருந்திருந்தாத்தான் விட்டிருக்க மாட்டேன்.”

மீதமிருந்த நாற்பது பிரதிகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. மறுபடி அச்சிட வேண்டாம், கையாலேயே திருத்துவோம் என்று முடிவு செய்தோம். அடுத்த ஞாயிறு காலை நான்கு பேர் அமர்ந்து, விஞ்ஞானம் என்று வரும் இடத்தையெல்லாம் நீல மையால் அடித்து, மேலே உணர்வு என்று எழுதினோம். இருபத்து மூன்று என்ற எண்ணிக்கை அப்போது தெரிந்ததுதான். ஒருங்கிணைப்பாளர் வேகமானவர், பொருள் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்துத் திருத்திக்கொண்டே போனதில், அவர் கைக்குப் போன பத்துப் பிரதிகளிலும் விஞ்ஞான சோஷலிசம் ‘உணர்வு சோஷலிசம்’ ஆகிவிட்டது. அதைக் கண்டுபிடித்தவர் அக்கா. எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். பிழையைத் திருத்த நான் பேனாவை எடுத்தபோது அவர் தடுத்தார்.

“இருக்கட்டும். படிக்கிறவங்க யாராவது இதுக்கும் நாலு பக்கம் எழுதிட்டு வரட்டும்.”

அதில் ஒரு பிரதி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அடுத்த மாதம் முசிறியில் நடக்கும் கூட்டத்துக்கு அக்காவைப் பேச அழைத்திருக்கிறார்கள். தட்டைப் பிடித்துத் தூங்கிய பிள்ளை இப்போது சில நாட்கள் கையை விரித்துத் தூங்குகிறதாம், சில நாட்கள் இல்லையாம். இரண்டையும் அங்கே சொல்லப் போவதாகச் சொன்னார். குறிப்பு ஏதாவது எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

வேண்டாம், பஸ்ஸில் கூடவே வந்தால் போதும் என்றார்.